கன்னியாவின் வெந்நீரும் கிழக்கின் கல்லும்

அன்புள்ள ஐயா,

2004 ஆம் ஆண்டுக் கடற்கோளில் மணற்காட்டில் உறவினரைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. சுமத்ராவை அண்டி ஒரு புவித்தகடு மற்றதன் கீழ் அமிழ்வதே அதற்குக் காரணம் என்று வகுப்பில் படிப்பிக்கிறேன். இலங்கையிலும் அப்படியொரு அமிழ்வு நடந்ததா, திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பழைய எரிமலையின் எச்சமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஓர் ஆசிரியை, பருத்தித்துறை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் இழப்பை அறிந்து மனம் கனத்தது. அந்த நாளின் காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க நீங்கள் எடுக்கும் முயற்சியை மதிக்கிறேன்.

கன்னியா எரிமலையின் எச்சமன்று. மழைநீர் பாறை வெடிப்புகளினூடே ஆழத்துக்கு இறங்கி, புவியின் உள்வெப்பத்தால் சூடேறி மீள்கிறது. ஆனால் முதற் கேள்விக்கு விடை ஆம் என்பதே.

அமிழும் தகடே உருகி எரிமலையாகிறது என்று நாம் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம், அது சரியன்று. கடலடித் தகடு தன் கனிமங்களுக்குள் நீரைப் பிணைத்துக்கொண்டு இறங்க, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தை அடைவதற்குள் அந்நீர் கசிந்து, மேலிருக்கும் மென்மூடிப் (புவியோட்டுக்குக் கீழுள்ள படை) பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. அப்படி உருகிய குழம்பே மேலெழுந்து, தகடு அமிழும் இடத்துக் கடலடி அகழிக்குச் சமாந்தரமாக எரிமலை வில்லாகிறது. அந்தமான் கடலின் பாரன் தீவு இன்றும் குமுறுவது இதனால்தான். அந்த நீர் பேரியம் என்ற மூலகத்தைக் கரைத்து மேலே கொண்டுசெல்லும், நியோபியம் என்ற மூலகத்தைக் கீழேயே விட்டுவிடும். ஆகவே மலைகள் தேய்ந்து மறைந்த பின்னரும், அடியில் உறைந்த பாறையில் பேரியம் மிகுந்தும் நியோபியம் குறைந்தும் காணப்படும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பரந்திருக்கும் விஜயன் தொகுதி எனும் பழம்பாறைப் பரப்பின் நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய) பாறைகளிற் பலவற்றில் இந்த அடையாளம் உண்டு. அவற்றிலுள்ள, வயதைக் கணிக்க உதவும் சேர்கோன் கனிம மணிகள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு வயதைக் காட்டுகின்றன. 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் அவை நசுங்கிப் பட்டைபட்டையாயின. என் மேசையில் அப்படியொரு துண்டு இருக்கிறது: வெளிறிய பெல்ட்ஸ்பார் பட்டை, அதையடுத்துக் கறுத்த ஹோர்ன்பிளெண்ட் பட்டை. ஹோர்ன்பிளெண்ட் நீர் அடங்கிய கனிமம்தான். ஆயினும் அந்நீர் பிற்காலத்தில் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால், இரசாயனப் பகுப்பையே நான் நம்புவேன்.

வெந்நீரூற்றுகள் பல, விஜயன் தொகுதி, நாட்டின் நடுப்பகுதிப் பாறைகளான உயர்நிலத் தொகுதியோடு பொருந்தும் எல்லையை அண்டியே இருக்கின்றன. அதனால் பிள்ளைகளின் ஊகம் முற்றிலும் வீணன்று. யாழ்ப்பாணத்தில் நாம் கிணறு வெட்டும்போது கிடைப்பது அவற்றைவிட மிக இளைய, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். பழைய பாறை அதன் கீழே புதைந்து கிடக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு கல் கேட்டு வாங்கி, கிணற்றுக் கல்லோடு வகுப்பில் வையுங்கள். பிள்ளைகள் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும்.