வாசகர் கேள்வி பதில்: மூளை சார்ந்த பார்வைக் குறைபாடும் மருத்துவக் காப்பீடும்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது ஆகிறது. எட்டாம் மாதத்தில் பிறந்து, பிறந்ததும் அழாததால் சில வாரங்கள் இன்குபேட்டரில் இருந்தான். கால்களில் இறுக்கம் இருப்பதால் அவனுக்கு மூளை முடக்குவாதம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வலையில் கோத்த மஞ்சள் மிதவையைத் தூரத்திலிருந்தே பார்த்து ஓடிவந்து பிடிப்பவன், வாசற்படியில் தடுக்கி விழுகிறான். அத்தை எதிரில் நின்றாலும் குரல் கேட்ட பிறகே அடையாளம் காண்கிறான். மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது என்றார்கள். மாறுகண்ணுக்கு அங்கேயே அறுவை சிகிச்சையும் செய்தார்கள். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே, பிறப்பு விவரங்களை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, எங்கள் குடும்ப பாலிசியில் அவனைச் சேர்த்திருந்தோம். இப்போது காப்பீட்டு நிறுவனம், "கண் பவர் திருத்தத்துக்குப் பாலிசியில் இடமில்லை" என்று கூறி, அறுவை சிகிச்சைச் செலவையும் பார்வைப் பயிற்சிக் கட்டணத்தையும் சேர்த்தே மறுத்துவிட்டது. என் கணவர் விசைப்படகு வைத்திருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, முதலில் அந்த இரண்டு செலவுகளையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். ஒன்றுக்காக நீங்கள் போராட வேண்டும். மற்றொன்றுக்காக அந்த நிறுவனத்தின் வாசலில் நிற்பது வீண் அலைச்சல்.

போராட வேண்டியது அறுவை சிகிச்சைச் செலவுக்காக. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குகளின் பட்டியலில் பதினைந்தாவதாக வருவது பார்வைப் பிழை பற்றிய விலக்கு. 7.5 டயாப்டருக்குக் (கண்ணாடி பவரின் அளவு) குறைவான பார்வைப் பிழையை, அதாவது கண்ணாடி போட்டுச் சரிசெய்யும் பவர் குறையைத் திருத்தும் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். கண்ணாடியைத் தவிர்ப்பதற்காகச் செய்யும் லேசர் சிகிச்சை போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. மாறுகண் அறுவை சிகிச்சையில் கண்ணை அசைக்கும் தசைகளின் இடமும் இழுப்பும் மாற்றப்படுகின்றனவே தவிர, கண்ணின் பவர் திருத்தப்படுவதில்லை. ஆகவே அந்த விலக்கு உங்கள் மகனுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

அப்படியானால் நிறுவனம் ஏன் அப்படி எழுதியது? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, "நோய்" என்ற இடத்தில் முதல் வரி என்னவென்று பாருங்கள். கண் பிரிவில் தயாராகும் சம்மரியில் பெரும்பாலும் "மாறுகண், பார்வைப் பிழை" என்றுதான் இருக்கும். மூளை பற்றிய செய்தி கடைசிப் பக்கத்தில் எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு நின்றுவிடும். கிளெய்மைப் பரிசீலிப்பவர் உங்கள் மகனைப் பார்ப்பதில்லை, அந்த முதல் வரியைத்தான் பார்க்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பார்வைப் பிழைக்கு எச் 52, மாறுகண்ணுக்கு எச் 50, மூளையின் பார்வைப் புறணிக் (பார்வையை உணரும் பகுதி) கோளாறுக்கு எச் 47.6, மூளை முடக்குவாதத்துக்கு ஜி 80 என்று தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. பின்னிரண்டும் உங்கள் தாள்களில் இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்து வாங்குங்கள். மருத்துவர் இல்லாததை எழுத வேண்டியதில்லை. கண்டறிந்ததை முழுமையாக எழுதினால் போதும்.

அத்துடன் நரம்பியல் மருத்துவரும் கண் மருத்துவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வேண்டும். "பிறப்பின்போது ஏற்பட்ட பிராணவாயுக் குறைவால் மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்டுள்ளது, மாறுகண் அதன் தொடர்ச்சி, கண்ணாடியால் மட்டும் சீராகாது, இரு கண்களின் ஒருங்கிணைப்புக்காகவே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது, தோற்றத்துக்காக அன்று" என்ற செய்திகள், உங்கள் மகனுக்குப் பொருந்தும் அளவில், அதில் இருக்கட்டும். கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு: ஒரு காரணம் விழுந்துவிட்டால், மாறுகண் அறுவையை அழகுக்கானது என்றோ பிறவிக் கோளாறு என்றோ வேறு காரணம் காட்ட நிறுவனம் முனையலாம். பிறவிக் கோளாறு என்று விதிகள் சொல்வது, பிறக்கும்போதே உருவத்திலோ அமைப்பிலோ இருக்கும் மாறுபாட்டை. பிரசவ நேரத்தில் மூச்சு முட்டி மூளை பாதிக்கப்படுவது அந்த வகையில் சேராது.

முன்பே இருந்த நோய் என்ற வாதமும் நிற்காது. அத்தகைய நோய்க்குக் காப்பீடு கிடைக்கத் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டிய காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்கள்; அதற்கு முன் 48 மாதங்களாக இருந்தது. மூன்று மாதத்தில் சேர்த்த குழந்தைக்கு இப்போது நாலரை வயது என்றால் இரண்டுமே கடந்துவிட்டன, பாலிசி இடையில் விட்டுப்போகாமல் இருந்தால். விசைப்படகு வைத்திருக்கும் வீடு என்பதால் இதைச் சொல்கிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குள் உங்கள் பிரீமியம் தேதி வந்தால், அந்தத் தொகையை மாசி, பங்குனியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. ஆனால் கட்டாமல் இருக்கும் அந்த நாட்களில் ஏற்படும் செலவுக்குக் காப்பீடு கிடையாது, 30 நாளும் தாண்டினால் இத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வீணாகும்.

இந்தத் தாள்களுடன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யுங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள், கிளெய்ம் மறுஆய்வுக் குழு அதற்கு ஒப்புதல் தந்ததா என்று அதிலேயே கேளுங்கள். 2024இல் வந்த விதிகளின்படி அந்த ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 2021இல் விதிகள் திருத்தப்பட்ட பின், மனுவை இணையவழியிலேயே அனுப்பலாம். விசாரணையையும் காணொலி வழியாக நடத்த இடமுண்டு. எனவே சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமே என்று தயங்காதீர்கள்.

இனி, பார்வைப் பயிற்சிக் கட்டணம். நம் நாட்டின் வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை, வாரந்தோறும் ஓ.பி.யில் நடக்கும் பயிற்சி அவற்றில் அடங்குவது அரிது. சட்டப்படி இதில் குறை காண முடியாது என்றாலும், இந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் உதவுவது அந்தப் பயிற்சிதான் என்பதால், இது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீடு மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஓ.பி. செலவு, தொடர் பயிற்சிகள், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் அதில் உள்வரம்புகளோடு இடமுண்டு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் அவசியம். முதலில் நாம் செலவழித்து, பிறகு திரும்பப் பெற வேண்டும் என்பதால் ஒவ்வொரு ரசீதையும், மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

இவற்றுக்கு முன்பே, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், தொடக்கநிலை இடையீட்டு மையச் சேவை (குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் சேவை) பற்றிக் கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பார்வை, நரம்பு சார்ந்த குறைபாடுகளுக்கான சேவை இலவசம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு பார்வை தடுமாறுகிறது. கண் மருத்துவரோ, எழுத்துப் பலகையில் 6/12 வரை படிக்கிறாள், சான்றிதழ் தர இயலாது என்கிறார். நிராமயாவில் சேர முடியுமா?
– ஒரு தந்தை, கீழக்கரை

பதில்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை இரண்டு வழிகளில் அளக்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18க்கு மேல் இல்லாமல் 3/60 வரை இருப்பது ஒன்று. பார்வைப் புலம், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு, 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருப்பது மற்றொன்று. எழுத்துப் பலகை முதலாவதை மட்டுமே அளக்கும்; உங்கள் மகளின் 6/12 என்பது 6/18ஐவிட நல்ல பார்வை என்பதால் அந்த வழியில் சான்று கிடைக்காது. மூளை பாதித்த பிள்ளைகளுக்குக் கீழ்ப்புறமோ ஒரு பக்கமோ புலம் இல்லாமல் போவதுண்டு என்பதால், பார்வைப் புலப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்து அதற்கு ஒத்துழைப்பது சிரமம். களைப்பில்லாத காலை வேளையாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். குறைபார்வை மட்டும் இருந்தால் நிராமயாவில் இடமில்லை. கை, கால், பேச்சு, அறிவு வளர்ச்சி ஆகியவற்றிலும் காய்ச்சலின் பாதிப்பு இருந்தால் அவற்றையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள்; பல்வகைக் குறைபாடு என்று சான்று கிடைத்தால் சேரலாம்.

கேள்வி: நான் நாட்டுப்படகு மீனவன். மீனவர் விபத்துக் காப்பீட்டில் பெயர் இருக்கிறது. மகனின் கண் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: முடியாது. அது உங்களுக்கு விபத்தில் உயிரிழப்போ ஊனமோ காயமோ ஏற்பட்டால் மட்டும் பயன்படுவது. குடும்பத்தாரின் நோய்க்கு அதில் இடமில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். அந்தத் திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே மகனை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்பே, அங்குள்ள காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.