மாதம் 95 யூரோ பராமரிப்புக் கட்டணம்: லாபமா, மறைந்திருக்கும் கடனா?

கேள்வி: நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிரந்தரப் பணி. வூன்செல் பகுதியில் 1970களில் கட்டிய குடியிருப்பில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. மொத்தம் 48 வீடுகள், லிஃப்ட் உண்டு, வெளிப்புற நடைபாதை வழியாக வீட்டுக்குள் நுழைய வேண்டும். கேட்கும் விலை 3.5 லட்சம் யூரோ. உரிமையாளர் சங்கத்துக்கு மாதம் 95 யூரோ கட்டினால் போதும். பக்கத்துக் கட்டடங்களில் இதைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். விற்பவரின் தரகர், "3.75 லட்சத்துக்கு எழுதிக் கொடுங்கள், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையையும் விட்டுவிடுங்கள், வீடு உங்களுக்குத்தான்" என்கிறார். கடன் ஆலோசகர் ஒருவரையும் அவரே அறிமுகப்படுத்தியிருக்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். வீடு மோசம் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் எதுவுமே தெரியாது. தெரியாத நிலையில், வெளியேறுவதற்கு இருக்கும் முக்கியமான கதவையும் உங்கள் கையாலேயே சாத்தச் சொல்கிறார் தரகர். சங்கக் கட்டணம் ஒரு விஷயம், கடன் நிபந்தனை வேறு விஷயம் என்று நினைக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் அடுக்குமாடி வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று மாதக்கணக்கில் அலைவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பலர் பத்திரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நெதர்லாந்தில் அந்தக் கவலையை நோட்டரியிடம் விட்டுவிடலாம். அவர் கடாஸ்டர் என்னும் நிலப்பதிவேட்டைப் பார்த்து, அடமானம் இருந்தால் தீர்த்து, பணத்தைத் தன் கணக்கில் வாங்கிவைத்து, பிறகுதான் உரிமையை மாற்றுவார். அந்தப் பகுதி ஒழுங்காக நடக்கிறது. ஆபத்து இருப்பது கூரையில், லிஃப்டில், குழாய்களில், வெளிச்சுவரில்.

காரணம், நீங்கள் வாங்குவது நான்கு சுவரை மட்டும் அல்ல. முழுக் கட்டடத்திலும் ஒரு பங்கையும், அதில் ஒரு வீட்டைத் தனியாகப் பயன்படுத்தும் உரிமையையும் வாங்குகிறீர்கள். பிரிக்கப்படாத மனைப்பங்கு என்று சென்னையில் சொல்வார்களே, இங்கே அது மனையோடு நிற்காமல் கூரைவரை போகிறது. வாங்கிய நொடியே வி.வி.இ. எனப்படும் உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர் ஆகிவிடுவீர்கள். விலக முடியாது. கூரை ஒழுகினால் கீழ்மாடிக்காரருக்கும் செலவு உண்டு.

இப்போது 95 யூரோவுக்கு வருவோம். 2018 ஜனவரி முதல், குடியிருப்புச் சங்கங்கள் ஆண்டுதோறும் பெரிய பராமரிப்புக்கென்று பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு என்பதற்கு இரண்டு வழி. ஒன்று, குறைந்தது பத்து ஆண்டுகளை எதிர்நோக்கும், ஐந்து ஆண்டுக்கு மேல் பழையதாகிவிடாத பராமரிப்புத் திட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு அதன்படி ஒதுக்குவது. எம்.ஜே.ஓ.பி. என்று காகிதங்களில் நீங்கள் பார்க்கப்போவது இந்தத் திட்டத்தைத்தான். இல்லையென்றால், கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் மதிப்பில் ஆண்டுக்கு 0.5 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு 2 லட்சம் யூரோ என்று வைத்தால் 48 வீட்டுக்கு மறுகட்டுமான மதிப்பு 96 லட்சம். அதில் 0.5 சதவீதம் ஆண்டுக்கு 48,000. வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000, மாதத்துக்கு ஏறத்தாழ 83 யூரோ. இது சேமிப்புக்கு மட்டும். மீதி 12 யூரோவில் கட்டடக் காப்பீடு, லிஃப்ட் ஒப்பந்தம், படிக்கட்டுச் சுத்தம், பொது விளக்கு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். 48 வீட்டுக்கும் சேர்த்து மாதம் 576 யூரோ. லிஃப்ட் உள்ள ஒரு கட்டடத்தை அந்தத் தொகையில் நடத்த முடியாது. ஆகவே இரண்டில் ஒன்று: பிரமாதமான திட்டமும் ஏற்கெனவே நிறைந்த கார்பஸ் நிதியும் (சங்கத்தின் பராமரிப்புச் சேமிப்பு) இருக்க வேண்டும், அல்லது பல ஆண்டுகளாக யாரும் எதையும் சேர்த்துவைக்கவில்லை. முதலாவது எப்போதாவது உண்டு. நான் பார்த்த காகிதங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

சட்டம்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சங்கத்தின் கதவையும் தட்டி "நிதி எங்கே?" என்று கேட்கும் அதிகாரி கிடையாது. மழைநீர் வடிகால் முதல் சன்னல் கண்ணாடி வரை விதி எழுதும் ஒரு நாடு, லட்சக்கணக்கான குடும்பங்களின் கூரையை மட்டும் உறுப்பினர்களின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்திருக்கிறது. கட்டணத்தை உயர்த்தலாமா என்று வாக்கெடுப்பு வைத்தால், இரண்டு ஆண்டில் விற்றுவிட்டுப் போக நினைப்பவர் ஏன் கை தூக்குவார்? அவர் தூக்காத கையின் விலையைத்தான் நீங்கள் கொடுக்கப்போகிறீர்கள்.

வெளிப்புற நடைபாதை என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் சாதாரணமாக விடமாட்டேன். 2011ஆம் ஆண்டு லேவார்டன் நகரில் இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பின் நடைபாதைத் தளங்கள் இடிந்து விழுந்தன. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, உப்பு கலந்த ஈரம் அதை அரித்துவிட்டது. அதன் பிறகு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் இந்த வகைத் தளங்களை 2017 ஜூலை 1ஆம் தேதிக்குள் ஆய்வு செய்ய வேண்டும் என்று உரிமையாளர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் கட்டடம் அந்த வகையா, ஆய்வறிக்கை எங்கே, பழுது சொல்லப்பட்டிருந்தால் சரிசெய்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இதில்தான் ஏமாறுகிறார்கள். "சங்கக் கணக்கையெல்லாம் நோட்டரி பார்த்துக்கொள்வார்" என்பார்கள். நோட்டரி சங்கத்திடமிருந்து ஓர் அறிக்கை வாங்குவது உண்மை. விற்பவர் கட்டாமல் வைத்த பாக்கிக்கு, அதாவது நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் கட்ட வேண்டியிருந்த தொகைக்கு, சட்டப்படி வாங்குபவரும் பொறுப்பாளி. அந்த அறிக்கையில் காட்டிய தொகைக்கு மேல் பழைய பாக்கியை உங்களிடம் கேட்க முடியாது. நல்ல பாதுகாப்பு. ஆனால் அது விற்பவரின் பாக்கிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று அறிக்கை சொல்லும், அது போதுமா என்று சொல்லாது. அடுத்த ஆண்டு கூரை மாற்ற வேண்டும் என்பதும் அதில் இருக்காது. சங்கமே கடன் வாங்கியிருந்தால், உங்கள் வீட்டுக்குரிய பங்கு வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரும். அதை நோட்டரி குறிப்பிடுவார், தடுக்க மாட்டார். மேலும் இந்த அறிக்கை வருவது நீங்கள் கையெழுத்துப் போட்டு வாரங்கள் கழிந்த பிறகு. அப்போது தெரிந்து என்ன பயன்?

ஆகவே விலை சொல்வதற்கு முன்பே கேட்க வேண்டியவை: கட்டடத்தைப் பங்கு பிரித்த பத்திரம், கடைசி ஆண்டுக் கணக்கு, பராமரிப்புத் திட்டம், கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள். முக்கியமானது கடைசியில் சொன்னதுதான். நூறு பக்கம் டச்சில் இருக்கும், கணினியில் மொழிபெயர்த்துப் படியுங்கள், பரவாயில்லை. கூரை, லிஃப்ட், கழிவுநீர்க் குழாய், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்ற சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் "அடுத்த கூட்டத்தில் பேசுவோம்" என்று முடிந்திருந்தால், அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. கல்நார் இங்கே 1990களின் தொடக்கத்தில்தான் தடைசெய்யப்பட்டது, உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது.

நிதியில் பள்ளம் எவ்வளவு என்று தெரிந்தால் விலையில் கழிக்கலாம். நிதியில் 30,000 இருக்கிறது, கூரைக்கு 2.4 லட்சம் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். வீட்டுக்கு 4,375 யூரோ. அதற்காக வீட்டை விட வேண்டியதில்லை. ஆனால் கேட்ட விலைக்கு மேல் 25,000 தருவதற்கு முன் அந்தத் தொகை உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இனி கடன் நிபந்தனை. வழக்கமான ஒப்பந்தப்படி, நிபந்தனை இல்லாமல் கையெழுத்திட்டுக் கடன் கிடைக்காமல் போனால் விலையில் 10 சதவீதம் அபராதம். உங்களுக்கு 37,500 யூரோ. "நல்ல சம்பளம், நிரந்தரப் பணி, கடன் ஏன் கிடைக்காது?" என்று தரகர் சிரிப்பார். வங்கி உங்களை மட்டும் பார்ப்பதில்லை. பல வங்கிகள் சங்கத்தின் நிலையையும் பார்க்கின்றன. செயல்படாத சங்கம், நிதியில்லாத சங்கம் என்றால் தயங்கும், மறுக்கவும் செய்யும். இரண்டும் ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

மதிப்பீடும் இருக்கிறது. வீட்டின் சந்தை மதிப்பில் 100 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கடன் கிடையாது. நீங்கள் 3.75 லட்சம் சொல்லி, மதிப்பீட்டாளர் 3.6 லட்சம் எழுதினால், நடுவில் உள்ள 15,000 உங்கள் கையிருப்பிலிருந்து வர வேண்டும். அதன்மேல் 2 சதவீதச் சொத்து மாற்று வரி 7,500, நோட்டரி, மதிப்பீடு, ஆலோசனைக் கட்டணம். இளம் வயதில் முதல் வீடு வாங்குவோருக்கு வரி விலக்கு உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று நோட்டரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தரகரைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். விற்பவரின் மாக்கெலார், அதாவது வீட்டுத் தரகர், விற்பவருக்கு வேலை செய்பவர். காபி கொடுத்தாலும், குழந்தையின் பள்ளியைப் பற்றி விசாரித்தாலும், அவர் வேலை விலையை ஏற்றுவதுதான். அது அவருடைய கடமை, அதில் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு இடத்தில்: 2001 முதல் இந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நாளை காலை நீங்களும் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு மாக்கெலார் ஆகலாம். வாழ்நாளின் மிகப்பெரிய செலவில் இப்படி ஓர் ஓட்டையை அரசு இத்தனை ஆண்டாக விட்டுவைத்திருப்பது எனக்கு ஏற்புடையது அல்ல.

அவர் காட்டும் கடன் ஆலோசகரிடம் போகவே போகாதீர்கள். 2013 முதல் வீட்டுக்கடன் ஆலோசகர் வங்கியிடம் கமிஷன் வாங்கக் கூடாது, கட்டணத்தை நீங்கள்தான் நேரடியாகத் தர வேண்டும். "இலவசம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் சம்பளம், சேமிப்பு, அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது எல்லாம் அந்த ஆலோசகருக்குத் தெரியும். அவர் தரகரின் நண்பர் என்றால், உங்கள் உச்சவரம்பு விற்பவரின் மேசைக்குப் போய்ச் சேராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வேறொருவரை நீங்களே தேடுங்கள். ஏ.எஃப்.எம். என்னும் நிதிச்சந்தை ஆணையத்தின் பதிவேட்டில் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஆள், தமிழிலேயே பேசலாம்" என்று வரும் இடைத்தரகர்களுக்கும் இதே சோதனைதான். மொழி ஒன்று என்பதற்காக உரிமத்தைக் கேட்காமல் இருக்காதீர்கள். வாங்குபவர் தரப்புத் தரகரை அமர்த்தினால், விலையில் சதவீதமாக அல்லாமல் ஒரே தொகையாகக் கட்டணம் பேசுங்கள். விலை ஏற ஏற அவர் கூலியும் ஏறும் ஏற்பாடு உங்களுக்கு எதற்கு?

ஒருவேளை அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்த நகல் உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் யோசிக்க உரிமை உண்டு. காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் விலகலாம். அதில் குறைந்தது இரண்டு நாள் சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை அல்லாத நாளாக இருக்க வேண்டும். எனவே வியாழக்கிழமை நகல் வந்தால் திங்கள் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக யாரும் உங்களிடம் எழுதி வாங்க முடியாது. ஆனால் கூட்டக் குறிப்புகள் மூன்றாம் நாள் மாலை வந்தால் இந்த உரிமையால் ஒன்றும் ஆகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. மேலே சொன்ன காகிதங்களைத் தரகரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கட்டட ஆய்வாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், வீட்டுக்குள் மட்டும் அல்லாமல் கூரையையும் நடைபாதையையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கென்று ஓர் ஆலோசகரிடம் சங்கக் காகிதங்களையும் காட்டி, வங்கி ஏற்குமா என்று கேளுங்கள். பிறகு, கடன் நிபந்தனையோடு விலை சொல்லுங்கள். காலக்கெடுவைக் குறைத்துக் கொடுத்தால் விற்பவருக்கும் மனம் இளகும், ஆலோசகர் எத்தனை நாளில் முடிக்க முடியும் என்கிறாரோ அந்தக் கெடுவை மட்டும் எழுதுங்கள். காகிதங்களை "விலை ஒத்துவந்த பிறகு தருகிறேன்" என்று தரகர் சொன்னால் அந்த வீட்டுக்கு விலை சொல்லாதீர்கள். வூன்செலில் அந்தக் காலத்துக் கட்டடங்கள் நிறைய இருக்கின்றன, வீட்டு விளம்பரத் தளமான ஃபுண்டாவில் அடுத்தது வரும். அப்போது 200 யூரோ கட்டணம் என்று பார்த்தால் உடனே தள்ளிவிடாமல், அவர்களுடைய பராமரிப்புத் திட்டத்தையும் நிதியில் உள்ள தொகையையும் முதலில் கேளுங்கள்.