ஒரு நாள் துவைக்கிறது, மறுநாள் அடம்பிடிக்கிறது

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது முன்பக்கம் கதவு உள்ள ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், வாங்கி 8 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதங்களாக அதன் போக்கே புரியவில்லை. ஒரு நாள் குறையில்லாமல் துவைத்து முடிக்கிறது. மறுநாள் அதே பட்டனை அழுத்தினால், தண்ணீரை எடுப்பதும் வெளியேற்றுவதுமாகவே இருக்கிறது. சில நாள் பிழிவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. வேறு சில நாள் திரையில் 9 நிமிடம் என்று காட்டியபடியே அரை மணி நேரம் ஓடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், போர்டு போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா? (ஒரு வாசகி)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டு பழுதாவதே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் எல்லா அறிகுறிகளுக்கும் போர்டைத் தொடாமலேயே காரணம் சொல்ல முடியும். டிரம்மில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பவற்றையெல்லாம் நான்கைந்து உறுப்புகள் சொல்லக் கேட்டுத்தான் போர்டு அடுத்த வேலையைத் தொடங்குகிறது. அவற்றில் ஒன்று தவறான தகவலைக் கொடுத்தால், நல்ல போர்டும் பைத்தியம் பிடித்தது போலத்தான் நடந்துகொள்ளும். புதுப் போர்டு போட்டாலும் அதே கதைதான்.

முதலில் ஒரு தாளை மெஷின் அருகே வைத்து, அடுத்த ஐந்தாறு முறை துவைக்கும்போது எந்தக் கட்டத்தில் தகராறு செய்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். தண்ணீர் எடுக்கும்போதா, துவைத்துக்கொண்டிருக்கும்போதா, பிழியப் போகும்போதா, உள்ளே என்ன துணி, எவ்வளவு துணி என்று எழுதினால் போதும். விட்டு விட்டு வரும் பழுதுகள் மெக்கானிக் வரும் நேரத்தில் தலைகாட்டுவதில்லை. அந்தத் தாள்தான் அவருக்குச் சாட்சி.

தண்ணீரை எடுத்து எடுத்து வெளியேற்றும் குறைக்கு வருவோம். டிரம்மில் தண்ணீர் நிரம்பி, துவைக்கத் தொடங்கியதும் மெஷினை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடி வழியாகத் தண்ணீர் மட்டத்தைக் கவனியுங்கள். மின்சாரமே இல்லாதபோதும் மட்டம் ஏறினால், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். குழாயை மூடிவிட்டு வால்வை மாற்றச் சொல்லுங்கள். மட்டம் தானாக இறங்கினால், கழிவுநீர்க் குழாய் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அதன் முனை கழிவுநீரில் மூழ்கியிருக்கிறது. பம்பு ஓடாமலேயே குழாய் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். மட்டம் குறைந்ததை அறிந்த மெஷின் மறுபடி தண்ணீர் எடுக்கும், அதுவும் வெளியேறும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அந்தக் குழாயின் முனை தரையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். சுவரில் ஒரு கொக்கி அடித்துக் குழாயை உயர்த்திக் கட்டினாலே தீர்ந்துவிடும் பழுது இது. முனையைச் சுற்றிக் காற்றுப் புக இடமில்லாமல் துணி வைத்து அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீர் மட்டத்தை அறியும் பிரஷர் சுவிட்சையும் அதற்குப் போகும் மெல்லிய டியூபையும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் சிறிய காற்றறை ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற, அதற்குள் அகப்பட்ட காற்று அழுந்தி, பேனா ரீஃபிலைவிடச் சற்றே பருமனான டியூப் வழியாக மேலே உள்ள சுவிட்சின் சவ்வைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் மெஷினுக்குத் தண்ணீரின் அளவு. டியூபில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் காற்று மெல்லக் கசியும். தண்ணீர் குறைந்துவிட்டதாக நினைத்து மெஷின் வால்வைத் திறக்கும். காற்றறையின் வாயில் சோப்புக் கசடு அடைத்திருந்தால் நேர்மாறாக நடக்கும்: தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகும் அழுத்தம் இறங்காது, இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மெஷின் பிழிய மறுக்கும். கசடு ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்பதில்லை என்பதால்தான் ஒரு நாள் ஒழுங்காகவும் ஒரு நாள் தாறுமாறாகவும் ஓடுகிறது.

மெக்கானிக்கிடம் அந்த டியூபைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காற்றறையின் வாயில் விரலை விட்டுப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் வெண்ணெய் போல வழுக்கும் கசடும் அதில் சிக்கிய நூல் இழைகளும் வரலாம். நிறைய மெஷின்களில் கோளாறே அவ்வளவுதான். வெந்நீரில் கழுவி, டியூபின் இரு முனைகளையும் இறுக்கமாக மாட்டச் சொல்லுங்கள். பழைய மாதிரிச் சுவிட்சாக இருந்தால், டியூபில் மெல்ல ஊதும்போது "டிக்" என்று கேட்கும்; விட்டால் மறுபடி ஒரு "டிக்". புதிய மின்னணுச் சென்சார்களில் இந்த ஓசை இருக்காது.

பிழிவதற்கு முன் நிற்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பம்பு ஃபில்டரில் பொத்தானோ நாணயமோ சிக்கியிருந்தால் தண்ணீர் மெதுவாக வெளியேறும். ஃபில்டரைத் திறக்குமுன் கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினில் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கரித்துண்டுகள்) உள்ள மோட்டார் இருந்தால், 8 ஆண்டுகளில் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த பிரஷ் சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. பிரஷின் நீளம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரஷ் இல்லாத இன்வெர்ட்டர் மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை.

9 நிமிடத்தில் நிற்பது பழுதே அல்ல என்றுதான் நினைக்கிறேன். தனியாகப் போட்ட ஒரு போர்வையோ கனத்த துண்டோ ஒரே பக்கம் ஒதுங்கினால், மெஷின் அதிவேகத்தில் சுற்றத் துணியாமல் துணியை உதறி உதறிச் சமமாகப் பரப்பப் பார்க்கும். அதுவரை நேரம் நகராது. சோப்புத் தூள் அதிகமானாலும் நுரை அடங்கும் வரை இதே காத்திருப்புதான். கனமான துணியோடு வேறு துணிகளையும் சேர்த்துப் போடுங்கள், தூளைப் பாதியாகக் குறையுங்கள், நான்கு கால்களும் தரையில் ஆடாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால், அப்போது போர்டைப் பார்க்கச் சொல்லலாம். உப்பிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் உறுப்பு), கருகிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), விரிசல் விட்ட சால்டர் (உறுப்புகளை ஒட்டும் உலோகப் பற்று) ஆகியவை கண்ணுக்கே தெரியும்; அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நீங்களாக அந்தப் பகுதியைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: எங்கள் மெஷினில் சில நாள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசைவே இல்லை, பத்து நிமிடம் கழித்துத் தானாகவே வேலை செய்கிறது. ஏன்? (ஒரு வாசகர்)

பதில்: குழந்தைகளுக்கான பூட்டுக் குறி திரையில் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கதவை ஒருமுறை அழுத்தி மூடிவிட்டுக் காதைக் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள பூட்டு, ஸ்டார்ட் அழுத்திய சில நொடிகளில் "டிக்" என்று விழும். அந்த ஓசை ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் இருந்தால் பூட்டைத்தான் மாற்ற வேண்டும். பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ தளர்வாகவோ இருந்தால், எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டை மாற்றும் வரை மெஷினை ஓட்டாதீர்கள்.