தேவகோட்டையிலிருந்து மிசிசிப்பிக்கு ஓட்டை தேடிப் போனவர்

கேள்வி: ஜான் கிரிஷாமின் 'சிக்கமோர் ரோ' நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லோரும் படித்தோம். பெற்ற பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு வீட்டு வேலை செய்த பெண்ணுக்குச் சொத்தை எழுதியது அநியாயம் என்று பாதிப் பேர் சண்டை. சரிதான் என்று மீதிப் பேர். என் சந்தேகம் வேறு. சாட்சிக் கையெழுத்தே இல்லாமல் ஒருவர் தன் கையால் எழுதிய உயிலை எந்தக் கோர்ட் ஏற்கும்? இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு ஒரு நாவலா? உங்கள் கருத்து என்ன? (வாசகர், தேவகோட்டை)

பதில்: ஓட்டை! கோர்ட் கதை என்றாலே நம் ஆட்கள் கையில் டார்ச்சுடன் கிளம்பிவிடுகிறார்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் கதை நடப்பது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில். தேவகோட்டையில் நின்றுகொண்டு மிசிசிப்பிக்கு டார்ச் அடித்தால் எப்படி ஐயா?

நீங்கள் சொல்வது நம் ஊர்ச் சட்டம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவு: உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். மிசிசிப்பியில் அப்படி இல்லை. உயில் முழுவதும் எழுதியவரின் சொந்தக் கையெழுத்தில் இருந்து, அடியில் அவர் கையொப்பமும் இருந்தால் போதும், சாட்சி வேண்டாம். டைப் அடித்தால்தான் அங்கேயும் இரண்டு பேரைத் தேட வேண்டும். கிரிஷாம் அந்த மாநிலத்திலேயே சட்டம் படித்து, வருடக்கணக்கில் வக்கீலாக இருந்து, சட்டசபை உறுப்பினராகவும் இருந்தவர். மற்ற விஷயங்களில் அவரைப் பிடிக்கலாம். இதில் பிடிக்க முடியாது.

கையால் எழுதிய உயிலுக்கு உலகத்தில் எவ்வளவு மரியாதை தெரியுமா? கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் செசில் ஜார்ஜ் ஹாரிஸ் என்று ஒரு விவசாயி. 1948 ஜூனில் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது தன் டிராக்டருக்கு அடியிலேயே சிக்கிக்கொண்டார். மணிக்கணக்கில் யாரும் வரவில்லை. கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை. இருந்தது ஒரு பேனாக்கத்தி. அதை வைத்து டிராக்டரின் மட்கார்டில் கீறினார்: இதில் நான் செத்துப்போனால் எல்லாம் என் மனைவிக்கு. கீழே பெயரையும் போட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அப்போது அதைக் கவனிக்கவில்லை. அவர் இறந்த பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். மட்கார்டைக் கழற்றிக் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கோர்ட்டும் அதை உயிலாக ஏற்றுக்கொண்டது. இன்று அந்தத் தகரம் சஸ்காட்செவன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. இதை ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் உங்கள் வட்டத்தில் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள்.

அதற்காகக் கையால் எழுதியதெல்லாம் செல்லும் என்றும் இல்லை. கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் 1976இல் இறந்ததும், கையால் எழுதிய உயில் ஒன்று சால்ட் லேக் சிட்டியில் மோர்மன் சபைத் தலைமையகத்தில் முளைத்தது. பதினாறில் ஒரு பங்கு மெல்வின் டம்மர் என்ற பெட்ரோல் பங்க்காரருக்கு! பல வருஷம் முன்னால் பாலைவனத்தில் அநாதையாகக் கிடந்த கிழவரைத் தன் வண்டியில் ஏற்றி லாஸ் வேகாஸில் இறக்கிவிட்டாராம், அந்தக் கிழவர்தான் ஹியூஸாம். ஜூரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுவிட்டு 1978இல் போலி என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் கொடுப்பவர்கள் கவனிக்கவும்.

இருக்கட்டும். ஓட்டை என்றதும் எனக்கு என் பழைய பகையாளி ஞாபகம் வந்துவிட்டது. டிவி சீரியல் எழுதும் நண்பர், பெயர் வேண்டாம். பத்து வருஷமாக எனக்கும் அவருக்கும் ஒரே சண்டை: நம் நீதிபதிகள் கையில் எதற்கு அந்த மரச் சுத்தியல்? ஹைகோர்ட்டில் இல்லை, முன்சீப் கோர்ட்டில் இல்லை. சீரியலில் மட்டும் ஆணி அடிக்கிற மாதிரி டொக் டொக், ஆர்டர் ஆர்டர். சொன்னால், 'சத்தம் இல்லாவிட்டால் சமையலறையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் சார்' என்கிறார். இவருடைய சீரியல்களில் உயில் என்றால் முத்திரைத்தாள்தான். அதை வில்லி பீரோவிலிருந்து எடுத்துக் கிழிப்பாள், குடும்பம் நடுத்தெருவுக்கு வரும், நாற்பது எபிசோடு ஓடும். உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதுகூடக் கட்டாயம் இல்லை. பதிவு செய்திருந்தால் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், வில்லி எத்தனை துண்டாகக் கிழித்தாலும் பாட்டி சாவகாசமாக நகல் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஓட்டைகளைக் கேட்டு அவருக்கு ஒரு கார்டு போட்டதுண்டா நீங்கள்?

நிஜமான ஓட்டை எங்கே விழுகிறது என்று சொல்கிறேன். நம் பெரியவர்கள் உயிலுக்குச் சாட்சி என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? கூடவே வாக்கிங் போகும் சிநேகிதரை. எழுதுகிறவருக்கு எழுபத்தெட்டு, சாட்சிகளுக்கு எண்பதும் எண்பத்திரண்டும். மூவரும் காபி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு தகராறு வந்து, சாட்சி ஒருவராவது கூண்டில் ஏறி 'ஆமாம், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டிய நாள் வரும்போது கூப்பிட ஆள் இருக்காது. சாட்சி இறந்துவிட்டால் கையெழுத்தை நிரூபிக்க வேறு வழி உண்டுதான், ஆனால் அதற்குள் வாய்தாக்கள் பேரன் கல்யாணம் வரை நீளும். சாட்சிக்கு வயது குறைந்தவர்களாகப் பாருங்கள். இலவச ஆலோசனை.

நாவலுக்கு வருவோம். புற்றுநோய் முற்றிய சேத் ஹப்பர்ட் என்ற வெள்ளைக்காரர் மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அதற்கு முன் உயில் எழுதி வக்கீலுக்குத் தபாலில் போட்டுவிடுகிறார். நூற்றுக்கு 90 லெட்டி என்ற கறுப்பினப் பெண்ணுக்கு, ஐந்து தம்பிக்கு, ஐந்து சர்ச்சுக்கு. பெற்றதுகளுக்குப் பூஜ்யம். சம்பாதித்தது அவர், கொடுக்கிறார். இங்கேயும் சுயசம்பாத்தியத்தை இந்து ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பிள்ளைகளை அடியோடு ஒதுக்கியிருந்தால் நம் கோர்ட் கொஞ்சம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதைத் தீர்த்துவைப்பது உயிலைக் கொண்டுவருபவர் பொறுப்பு என்று 1959லேயே வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே சமயம், ஒதுக்கியது ஒன்றே சந்தேகம் ஆகாது என்றும் தீர்ப்புகள் உண்டு. இருக்கிறபடியே பங்கு போவதென்றால் உயில் எதற்கு?

எனக்கு நாவலில் பிடித்தது அந்த 90 அல்ல, ஏன் அந்த மரம், ஏன் அந்தப் பெண் என்பதுதான். அது நிலத்தில் தொடங்கும் பழைய கணக்கு. அதற்கு மேல் சொன்னால் படிக்காதவர்கள் கல்லெறிவார்கள். பிடிக்காதது, அந்தக் கணக்கைச் சொல்ல அலாஸ்காவிலிருந்து வீடியோவில் ஒரு சாட்சியைக் கடைசி நேரத்தில் இறக்கியது. ஓட்டை வேண்டுமென்றால் டார்ச்சை அங்கே அடியுங்கள். நடுவில் ஒரு நூறு பக்கம் வக்கீல்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருப்பதையும் வெட்டியிருக்கலாம்.

உங்கள் வட்டத்துச் சண்டைக்கு வருகிறேன். சொத்துக் கதையை யாரும் கதையாகப் படிப்பதில்லை, அவரவர் வீட்டுப் பத்திரத்தைத்தான் படிக்கிறார்கள். இந்த நாவல் பற்றி எனக்கு வந்த கடிதங்களில் 'பிள்ளைகளுக்கு அநியாயம்' என்றவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். 'சேத் செய்ததே சரி' என்றவர்களில் மூன்று பேர் அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே எழுதியிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் கட்சி கட்டுவதற்கு முன், யாருக்கு எந்தக் கோர்ட்டில் பாகப்பிரிவினைக் கேஸ் நடக்கிறது என்று ஒரு சுற்று கேட்டுப்பாருங்கள். நீங்கள் இரண்டு கட்சியிலும் சேராமல் சாட்சிக் கையெழுத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அப்பாவின் உயிலில் யார் கையெழுத்து இல்லை, சார்?