1,20,000 மி.கி. உப்புநீர்: எலக்ட்ரோடயாலிசிஸ் கட்டுபடியாகுமா?

கேள்வி: டெக்சாஸின் பெர்மியன் படுகையில் எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரைச் சுத்திகரிக்கிறோம். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,20,000 மில்லிகிராம். ஆர்.ஓ. (அழுத்தத்தால் நீரைச் சவ்வு வழியே தள்ளும் எதிர் ஊடுபரவல்) எடுபடவில்லை. எலக்ட்ரோடயாலிசிஸ் போடலாமா?

பதில்: அடுத்த கிணற்றில் பாறையை உடைக்கத்தான் இந்த நீர் போகிறதென்றால் உப்பை எடுக்கவே வேண்டாம். நீர் குழாயில் எளிதாக ஓடச் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான்களில் உப்பைத் தாங்குபவை கிடைக்கின்றன. எண்ணெய், இரும்பு, பாக்டீரியா போனால் போதும். நன்னீர்தான் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

இந்த நீரின் ஊடுபரவல் அழுத்தமே, அதாவது ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரிக்கத் தாண்டவேண்டிய அழுத்தமே, சுமார் 100 பார். வழக்கமான கடல்நீர் ஆர்.ஓ. சவ்வுகள் 80 பார் அளவோடு நின்றுவிடும். எலக்ட்ரோடயாலிசிஸில் அந்தத் தடை இல்லை. நீரைத் தள்ளாமல் உப்பின் அயனிகளை மின்சாரத்தால் சவ்வுகள் வழியே பக்கத்து அறைக்கு இழுக்கிறோம்; அங்கே சேர்வதுதான் அடர்நீர். ஆனால் எடுக்கிற ஒவ்வொரு கிலோ உப்புக்கும் காசு.

கணக்கு இதுதான்: ஒரு கனமீட்டரிலிருந்து 10 கிலோ உப்பு எடுக்க 4,585 ஆம்பியர்-மணி. மின்னோட்டத் திறன் (உப்பை நகர்த்தப் பயன்படும் பங்கு) 85 சதவீதம், சவ்வு ஜோடிக்கு 0.5 வோல்ட் என்று வைத்தால் 2.7 யூனிட். உங்கள் நீரை 1,000 மில்லிகிராமுக்கு இறக்க 32 யூனிட், பம்பு தனி. உப்பு மிகுந்த நீரில் சவ்வின் தேர்வுத்திறன் (வேண்டிய அயனியை மட்டும் விடும் திறன்) சரியும், அயனியோடு தண்ணீரும் கடந்துபோகும் என்பதால் நிஜச் செலவு இன்னும் கூடும். ஆவியாக்கிக்கும் விலைப்புள்ளி வாங்காமல் முடிவெடுக்காதீர்கள். 5,000 மில்லிகிராம் நீராக இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

சோதனைக்கான சவ்வு அடுக்கை ஓட்டுவதற்கு முன், லிட்டருக்கு எண்ணெயை 2, இரும்பை 0.3, ஹைட்ரஜன் சல்ஃபைடை 0.1 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். மிதப்புத் தொட்டி, வால்நட் ஓட்டு வடிகட்டி, கார்பன், கடைசியில் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் என்ற வரிசை சரிவரும். எண்ணெயும் கரிமப் பொருளும் முதலில் கெடுப்பது எதிரயனிச் சவ்வைத்தான் (குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளை விடும் சவ்வு).

பிறகு வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஆம்பியரைக் குறியுங்கள். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்த எண்ணை, ஆம்பியரின் தலைகீழ் எண்ணுக்கு எதிராக வரையுங்கள். கோடு மடங்கும் இடமே எல்லை மின்னோட்டம்; அதன் 70 முதல் 80 சதவீதத்தில் ஓட்டுங்கள். தாண்டினால் தண்ணீரே பிளந்து, அடர்நீர்ப் பக்கம் பி.எச். ஏறி, எதிரயனிச் சவ்வில் சுண்ணாம்பு படியும். 15–20 நிமிடத்துக்கொருமுறை மின்துருவத்தையும் நீரோட்டப் பாதையையும் சேர்த்து மாற்றினால் படிவு குறையும். மாற்றியதும் முதல் ஓரிரு நிமிட நீரை ஒதுக்கிவிடுங்கள்.

அடுக்கின் இரு முனை மின்வாய்களையும் கழுவும் நீரில் சோடியம் சல்ஃபேட் போடுவது வழக்கம். உங்கள் உப்புநீரில் பேரியம் இருந்தால் சல்ஃபேட்டைத் தவிருங்கள். பேரியம் சல்ஃபேட் அமிலத்தில் கரையாது. ரேடியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் படிவைக் கதிரியக்க அளவியால் பார்க்காமல் சுரண்டக் கூடாது. கழுவுநீரில் குளோரைடு கலந்தால் நேர்மின்வாயில் குளோரின் வரும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் எப்போதுமே வரும். இரண்டுக்கும் தனித்தனி வெளியேற்றுக் குழாய் கட்டாயம்.

போரான் பெரும்பாலும் மின்னேற்றமற்ற போரிக் அமிலமாக இருப்பதால் நன்னீரிலேயே தங்கும். பாசனத்துக்கென்றால் போரானைப் பிடிக்கும் தனி ரெசின் வேண்டும். பாதி நீரை மீட்டால் மீதிப் பாதியில் உப்பு 2,40,000 மில்லிகிராமை நெருங்கும். அதைக் கழிவுக் கிணற்றில் இறக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.