அம்மாவிடம் யாராவது கேட்டார்களா?

கேள்வி: அக்கா, என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு, லிஃப்ட் இல்லாத எங்கள் நாலாம் மாடி வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். தீபாவளிக்கு ஒரு பத்திரிகையில் அவர் படத்தைப் போட்டு ‘பிள்ளைகள் கைவிட்ட தாய்’ என்று எழுதிவிட்டார்கள். ஊரே என்னை ஒரு மாதிரி பார்க்கிறது. என்ன செய்வது? – வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தங்கச்சி, அந்த ஆசிரியருக்குக் கட்டாயம் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தவறு என்று குறித்துத் திருத்தம் கேளுங்கள். படம் எடுக்க இல்லப் பொறுப்பாளர் தலையாட்டினால் மட்டும் போதாது, அம்மா நினைவோடு இருக்கிறார் என்றால் அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நம் செய்திகளில் இல்லத்துப் பெரியவர்கள் எப்போது வருகிறார்கள் பாருங்கள். பண்டிகைக்கு யாராவது அரிசி மூட்டையும் ஹம்பரும் கொடுக்கும்போது, இல்லையென்றால் எங்காவது அடி, உதை, தீ என்று ஏதாவது வெடிக்கும்போது. கொடுத்தவர் பெயர் பட்டத்தோடு அச்சாகும், வாங்கிய பாட்டிக்குப் பெயரே இருக்காது. எனக்கு இது ரொம்ப வலிக்கிறது.

‘பிள்ளை கைவிட்டான்’ என்று எழுதுவது சுலபம். ஆயுள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் வேலை முடிந்ததும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது, அந்தச் சம்பளத்தில் சேமநிதியில் சேர்ந்ததும் கொஞ்சம்தான், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பிள்ளைகள் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். இதில் எதையும் சொல்லாமல் எழுதினால் பழி முழுக்கப் பிள்ளை தலையில்தான் விழும். அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களோ பெரும்பாலும் வாரிசும் வருமானமும் இல்லாத, 60 வயது தாண்டியவர்களுக்கு, உங்களைப் போன்றவர்கள் தனியார் இல்லத்துக்குக் காசு கட்டித்தான் ஆக வேண்டும். நிஜமாகவே கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கு மட்டும் அந்தத் தலைப்பால் என்ன கிடைத்தது?

அந்த நிருபர் கேட்டிருக்க வேண்டியது வேறு: இல்லம் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு செய்திருக்கிறதா, ராத்திரியில் எத்தனை பேருக்கு ஒரு பணியாள், படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போட ஆள் இருக்கிறதா. தனியார் முதியோர் மருத்துவப் பராமரிப்புக்கென்றே 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது, அது பற்றி நம் பக்கங்களில் எத்தனை கட்டுரை படித்திருக்கிறீர்கள்? அப்புறம், எங்காவது கொடுமை நடப்பதைப் பார்த்தால் ஃபேஸ்புக்கில் போடும் முன் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999க்குக் கூப்பிடுங்கள்.

கடிதத்தில் உங்கள் நியாயத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதியை அம்மா சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அனுப்ப வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.