பின்பலகையைப் புதிதாகக் கட்டிய ஃபைபர் படகில் அவுட்போர்டு எஞ்சினை மாட்ட கிளாம்ப் மட்டும் போதுமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பழைய ஃபைபர் படகு, பின்பலகை (எஞ்சின் தொங்குகிற பின்பக்கச் சுவர்) இத்துப்போனதால் வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்டியாச்சு, 9.9 எச்.பி. எஞ்சின் மாட்டணும். கிளாம்ப் போதுமா, போல்ட் வேணுமா, எந்த உயரத்தில் வைக்கணும்? பலகை கட்டியவர் ஒன்று சொல்லியிருப்பார், எஞ்சின் விற்றவர் வேறொன்று சொல்லியிருப்பார், கடற்கரையில் நிற்கிற பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதே கதைதான் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எஞ்சினியர் கிடையாது. உவரிப் பக்கம் மணலில் கரையேற்றுகிற படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்து பிழைக்கிறவன். படித்தவர்கள் வந்து கணக்குப் போட்டுக் காட்டினால் சந்தோஷம். இதெல்லாம் பட்டறைப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

எஞ்சின் படகிலேயே கிடக்கும் என்றால் போல்ட் கட்டாயம். தினமும் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆள் என்றால் கிளாம்ப் போதும், ஆனால் எஞ்சினிலிருந்து படகின் வளையத்துக்கு ஒரு தடித்த கயிறு எப்போதும் இருக்கணும். ஓட்டத்தின் அதிர்வில் கிளாம்ப் திருகு மெல்ல மெல்லத் தளரும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

என் மச்சான் படகுக்குத்தான் நான் முதன்முதலாக முழுப் பின்பலகையும் மாற்றினேன். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்பக்கம் தட்டினால் மேலே ‘டண்’, கீழே ‘பொத்’. ட்ரில்லை எடுத்து ஒரு சின்னத் துளை போட்டேன். மரத்தூள் வரவில்லை. கறுப்பாகச் சேறு வந்து பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டது, கூடவே புளித்த நாற்றம். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி அதன் அடிப்பாகத்தை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னேன். பலகையே சேர்ந்து அசைந்தது. பழைய போல்ட் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவில் இருந்த மரம் முழுக்க ஊறிக் கிடந்தது.

வேலையை ஆரம்பித்ததும் மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். “மாப்ள, பிளைவுட்டை மூணு அடுக்காப் போடும். எஞ்சின் கனம் தாங்கணும்லா?”

“கனத்துக்கு ரெண்டே தாராளம் மாமா. மூணு போட்டா கிளாம்ப் வாய் கொள்ளாது.”

அவர் நம்பவில்லை. சின்ன எஞ்சின்களின் கிளாம்ப் ஒரு அளவுக்கு மேல் விரியாது. 18 மி.மீ. பிளை இரண்டு ஒட்டினால் 36. வெளியேயும் உள்ளேயும் மேட்டும் ரோவிங்கும் (கண்ணாடி இழை விரிப்புகள்) ஏறியதும் 45 பக்கம் வந்து நிற்கும். மூன்று அடுக்கென்றால் 60-ஐத் தாண்டும். அப்புறம் எஞ்சின் உட்காரவில்லை என்று கிரைண்டரை எடுத்து ஃபைபரை அரைப்பார்கள். இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியாது. பலமே அந்தத் தோலில் இருக்கிறது, அதைச் சீவிவிட்டு உள்ளே மூன்று பலகை இருந்து என்ன பிரயோஜனம்? உங்கள் பலகை ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டது என்பதால், எஞ்சினைத் தூக்கும் முன் கிளாம்ப் வாயையும் பலகைத் தடிப்பையும் அளந்துவிடுங்கள்.

பிளை வாங்கிய கதையையும் சொல்லணும். மரைன் பிளை என்றால் ஐ.எஸ். 710 என்கிற இந்தியத் தர முத்திரை இருக்கணும். கடைக்காரர் கொடுத்ததில் முத்திரை இருந்தது, எனக்கு மனசு ஒப்பவில்லை. கையகலத் துண்டு ஒன்றை வெட்டிப் பழைய பானையில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அந்தத் தரத்துக்கு உரிய சோதனையில் 72 மணி நேரம் வேகவைப்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்து வாழைப்பட்டை மாதிரி சுருண்டது. வீட்டில், “மீன் வேகுற அடுப்புல பலகையை வேகவைக்கீரே, இனி இதைத்தான் திங்கணுமா?” என்று ஏச்சு. துண்டைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தேன், வாய் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் கோபம் வரத்தான் செய்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நான் படகு கட்டுகிற ஒரு யார்டில் எடுபிடியாக இருந்தேன். அதுவரை வேறு தொழில் பார்த்தவர்களெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் படகுக் கம்பெனி ஆரம்பித்த காலம். படகு வேணும், சீக்கிரம் வேணும், போட்டோ எடுக்கிற தேதிக்கு வேணும். நிவாரணமாக இலவசமாகக் கொடுத்தவர் பெயரைப் படகின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதினோம். பின்பலகைக்குள் கமர்ஷியல் பிளையா, பழைய பெட்டிப் பலகையா என்று குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. வாங்கினவன் இரண்டு மழைக்காலம் கழித்துக் கையிலிருந்து செலவழித்து மாற்றினான். அதைக் கேட்டால், “இலவசமாக் கிடைச்சதுதானே” என்பார்கள். சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

துளைக்கு வருவோம். போல்ட் 8 மி.மீ. என்றால் 8-லேயே துளைத்துப் போல்டைச் சொருகிவிடாதீர்கள். முதலில் 14 மி.மீ. அளவுக்குத் துளையுங்கள். எபாக்சிப் பிசினில் ஃபைபர் தூளைக் கலந்து அந்தத் துளையை முழுக்க அடைத்து இறுகவிடுங்கள். மறுநாள் அதன் நடுமையத்தில் 8 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட் எபாக்சிக் குழாய்க்குள் இருக்கும், மரத்தைத் தொடாது. பின்னால் கசிந்தாலும் பிளைக்குள் தண்ணீர் போகாது. பலகையின் மேல்விளிம்பையும் ஃபைபர் போட்டு மூடுங்கள், வெட்டுவாய் திறந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எபாக்சி மேல் சாதாரண பாலியெஸ்டர் பிசின் சரியாகப் பிடிக்காது என்பதால் எபாக்சி வேலையை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டரே போடுகிறீர்கள் என்றால் கோபால்ட்டை (பிசின் இறுகுவதை வேகப்படுத்துகிற மருந்து) முதலில் பிசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

முன்னோக்கி ஓடும்போது புரொப்பல்லர் தள்ளுகிற தள்ளலில், எஞ்சினைப் பலகையில் பிடிக்கிற பிராக்கெட்டின் அடிப்பாகம் பலகையில் அழுந்தும், மேல்பாகம் பின்னால் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பாரமெல்லாம் மேல் போல்ட் இரண்டுக்கும்தான். அதனால் உள்பக்கம் சின்ன வாஷர் போதாது, அகலமான அலுமினியத் தகடோ பெரிய ஸ்டீல் வாஷரோ கொடுங்கள். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ் (உப்புத் தண்ணீரைத் தாங்குகிற ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிகான் வேண்டாம், கடலுக்கென்று விற்கிற பாலியூரித்தேன் சீலண்ட் வாங்குங்கள். கிளாம்ப் மட்டும் போதும் என்கிறவர்கள் திருகு அழுந்துகிற இடத்தில் ஒரு தகடு பதியுங்கள், இல்லையென்றால் அது ஃபைபரைத் தின்றுவிடும்.

உயரத்துக்கு வாருங்கள். ஷார்ட் ஷாஃப்ட் (கால் குட்டையான எஞ்சின்) 15 அங்குலப் பலகைக்கு, லாங் ஷாஃப்ட் (கால் நீளமானது) 20 அங்குலத்துக்கு. பலகையின் மேல்நடுவிலிருந்து படகின் அடி வரை நேராக அளக்கணும். புதிதாகக் கட்டும்போது பழைய அளவைவிட ஒரு விரற்கடை உயர்ந்துவிடுவது சகஜம். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், அது படகின் அடியோடு மட்டமாக, அல்லது ஒரு அங்குலம் வரை கீழே இருக்கட்டும். மேலேறினால் அலையில் காற்றை இழுத்து எஞ்சின் வெறுமனே கத்தும், குளிர்விக்கிற தண்ணீரும் சரியாக ஏறாது.

இதிலும் மாமா விடவில்லை. “கொஞ்சம் கீழ இறக்கி வையும், அலையில தூக்காதுலா?” என்றார். கீழே இறக்கினால் தண்ணீர் இழுவை கூடும், பலகை மேல் தண்ணீர் ஏறி அடிக்கும், எங்களை மாதிரி மணலில் ஏறுகிறவர்களுக்கு அடிக்கால் தரைதட்டும். மட்டத்தில்தான் வைத்தேன். முதல் ஓட்டத்தில் மாமா அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம், உட்கார்ந்துகொண்டு திரும்பித் திரும்பி எஞ்சினையே பார்த்துக்கொண்டு வந்தார். எஞ்சினின் பக்கவாட்டுத் துவாரத்தில் குளிர்விக்கிற தண்ணீர் நூல் பிடித்த மாதிரி வந்துகொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அந்தப் பலகை இன்றைக்கும் தட்டினால் ‘டண்’தான். அவருடைய சொந்தப் படகுக்கு என்னைத்தான் கூப்பிட்டார் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன், மச்சான் படித்தால் படிக்கட்டும்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு போல்டையும் கிளாம்பையும் ஒரு தடவை இறுக்குங்கள், புதுப் பலகை கொஞ்சம் அமுங்கும். எஞ்சின் 25, 40 என்று போகிறவர்கள் இதை வைத்துக்கொண்டு வேலையில் இறங்க வேண்டாம். அங்கே பலகையைப் படகின் அடியோடும் பக்கத்தோடும் பிணைக்கிற முட்டுக்கட்டைகள் வேணும், அதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.